பெயரறியா மீனா, பெயர் மறந்த வாயா?

நாவிற்குத் தொழில் இரண்டு. ஒன்று சுவைத்தல், மற்றொன்று சொல்லுதல். சுவைக்குந் தொழிலில் தேர்ந்து, சொல்லுந் தொழிலில் தோற்ற நா பாதி நாவே. இற்றைத் தமிழருள் கடல் கடந்து வாழ்வார் பலர்க்கு அப் பாதி நாவே எஞ்சியிருக்கின்றது.

தோக்கியோ நகரின் எதோகாவா வட்டத்தில் நிசிகசாய் என்றொரு பகுதி உண்டு. கணிப்பொறிப் பணிக்கெனச் சென்ற இந்தியக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இடம் அது. அவருள் தமிழரும் உளர். அங்குச் சென்ற தமிழிளைஞன் முதற் கிழமை தயிர்ச்சோற்றோடு நாளைக் கழிக்கின்றான். இரண்டாங் கிழமை உடன்பணியாளர் அவனை உணவகத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். தட்டில் வெள்ளையாக ஒன்று, செந்நிறமாக ஒன்று, உறிஞ்சுவாய் வரிசையோடு கூடிய கால்துண்டு ஒன்று. அவன் முகஞ் சுளிக்கின்றான். பின் கண்ணை மூடி வாயிலிடுகின்றான். பின் நன்று என்கின்றான். இதில் குற்றமில்லை. அறியாத உணவை அஞ்சாது உண்ணல் ஆண்மையே. விருந்தளிப்பார் கையைத் தட்டாமை பண்பே.

குற்றம் அதன் பின்னர்த் தொடங்குகின்றது. அன்றிரவு ஊரிலுள்ள தாய்க்குத் தொலைபேசியில் அவன் கூறுவது என்ன? “அம்மா, இன்றைக்கு இசுகுவிட் சாப்பிட்டேன், ஆக்டோபசு சாப்பிட்டேன், இதெல்லாம் நம் ஊரில் கிடையாது.” தாய் வியக்கின்றாள். மகன் ஏதோ காணாததைக் கண்டு உண்ணாததை உண்டதாக எண்ணிக்கொள்கின்றாள்.

இவ் விளைஞனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. பெயர் கூறவும் வேண்டுவதில்லை. அவன் ஒருவனல்லன். சிங்கப்பூரிலும், துபாயிலும், தொராண்டோவிலும், ஓசுலோவிலும் அவன் உளன்.

நம் ஊரில் கிடையாதா?

அவன் உண்ட வெள்ளைத் துண்டு கணவாய். கால்துண்டு பேய்க்கணவாய். தூத்துக்குடியிலும் இராமேசுவரத்திலும் நாகையிலும் குமரிக் கரையிலும் வலையில் ஏறுவன இவை. உடலுள் வெள்ளோடு உள்ளது ஓட்டுக்கணவாய். நீண்டு மெலிந்தது ஊசிக்கணவாய். ஓடின்றி எட்டுக் கையால் பாறையைப் பற்றிக் கிடப்பது பேய்க்கணவாய். ஆங்கிலத்தில் இம் மூன்றிற்கும் வெவ்வேறு மூன்று பெயர். ஒன்றற்கொன்று உறவு தெரியாது. தமிழில் ஒரே அடிச்சொல். முன்னொட்டால் வகை பிரிகின்றது. இனமும் தெரிகின்றது, வேறுபாடும் தெரிகின்றது. கல்லூரி காணாத கடற்றொழிலாளர் பெயரிட்ட முறை இது. இதனினும் நேரிய வகைப்பாட்டுப் பெயரீட்டை யார் காட்டவல்லார்?

இன்னுங் கேட்க. அவன் “இலாப்சிட்டர்” என்று விலை கேட்டு மலைத்தது சிங்கி இறால். “ஈல்” என்று பெயர் சொல்லிச் சோற்றின்மேல் வைத்துத் தின்றது விலாங்கு. “தூனா” என்று போற்றியது சூரை. “செல்லிபிசு” என்று மருண்டது சொறி. “சீ குக்கும்பர்” என்று நகைத்தது கடலட்டை. மன்னார் வளைகுடாக் கடலட்டையைச் சீனர் சந்தைக்காக உலர்த்தி அனுப்பியவர் இக்கரைத் தமிழரே. அதனைப் பிடித்தற்கு இந்திய அரசு 2001-ஆம் ஆண்டில் தடை விதித்தது. தோக்கியோக்காரர் அச்சமும் ஆசையுமாகப் பேசும் நச்சுமீனாகிய புகு என்பது தமிழ்க்கரையின் பேத்தை இனம். சப்பானில் அதனை அறுத்துச் சமைப்பதற்கு உரிமம் வேண்டும்; அதன் ஈரலை உணவகங்களில் படைத்தல் கூடாது. 1975-இல் புகழ்பெற்ற கபுகி நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ அவ் வீரலை உண்டே இறந்தார். தமிழ்க்கரை மீனவனோ உரிமம் பெறாமலே அதன் தன்மை அறிவான். அறிந்தமையாற்றான் பெயரும் இட்டான்.

ஆகவே அவ் விளைஞன் அறியாத மீனை உண்டானல்லன். தன் நாட்டுக் கரையில் நாடோறும் ஏலம் போகும் மீனை, ஐயாயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் சென்று, அயலான் பெயரால் உண்டான். தமிழகத் துறைமுகங்களிலிருந்து கணவாயும் இறாலும் உறைகுளிரூட்டப்பட்டு அயல்நாடுகட்கு ஏற்றப்படுகின்றன. சப்பானும் இந்தியக் கடலுணவை நெடுங்காலமாக வாங்கும் நாடு. அவன் தட்டிலிருந்த துண்டு தமிழ்க்கடலிலிருந்தே வந்திருப்பினும் வியப்பில்லை. மீன் கெடாமற் போய்ச் சேர்கின்றது. பெயர் மட்டும் கரையிலேயே கைவிடப்படுகின்றது.

மாசியை மறந்தவர்

ஓசாக்கா நகரத் தெருக்கடைகளில் பேய்க்கணவாய்த் துண்டை மாவினுள் வைத்து உருண்டையாகச் சுட்டுத் தருவர். தாக்கோயாக்கி என்பது அதன் பெயர். அதன் மேல் மெல்லிய தாள்போன்ற சீவல் தூவப்படும். ஆவியில் அது நெளிந்தாடும். தமிழ்ப் பிள்ளைகள் அதனைக் கண்டு கைகொட்டுகின்றனர். “இஃதென்ன?” என்று பிள்ளை கேட்டால், தந்தை கைப்பேசியைத் தேய்த்து ஆங்கிலத்தில் விடை தேடுகின்றான்.

தேட வேண்டுவதில்லை. அது சூரைமீன். அவித்து, புகையூட்டி, கல்போல் இறுகும்வரை உலர்த்தி, வேண்டும்போது சீவிக்கொள்வது. மாலத்தீவினரும் மினிக்காய்த் தீவினரும் அதே சூரையை அவித்துப் புகையூட்டி உலர்த்துகின்றனர். ஈழத்துத் தமிழர் அதனை இடித்துச் சம்பலிற் சேர்க்கின்றனர். தூத்துக்குடிப் பக்கத்திலும் அது விற்கின்றது. அதன் பெயர் மாசிக்கருவாடு. ஈழத்துப் பாட்டி ஒருத்தி அத் தெருக்கடையில் நின்றிருப்பின், மணத்தைக்கொண்டே “இது மாசியடா” என்றிருப்பாள். பட்டம் பெற்ற பெயரனுக்கு அஃது இயலவில்லை. படிப்பு அவனுக்குக் கொடுத்தது எவ்வளவோ, பறித்தது இவ்வளவு.

குவளையில் மீன் எழுதிய மக்கள்

தமிழர் சப்பானியரிடம் மீனை மட்டும் உண்டு வருகின்றனர்; கற்க வேண்டியதைக் கற்றாரல்லர். அந் நாட்டு மீனுணவுக் கடைகளில் தேநீர் தரும் பெருங்குவளையைக் காண்க. அதன் புறமெங்கும் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு மீனின் பெயர். மீன் என்னும் குறியை இடப்புறத்தே கொண்டு, வலப்புறத்தே அம் மீனின் இயல்பு சுட்டும் குறி நிற்கும். மீனோடு மெலிவு சேர்ந்தால் சாளையினம். மீனோடு பனி சேர்ந்தால் குளிர்காலத்துப் பிடிபடும் வடகடல் மீனொன்று. தேநீர் ஆறும் வரை சிறுவரும் முதியரும் அவ் வெழுத்துகளைப் படித்து விளையாடுவர்.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. சப்பானியர்க்கு எழுத்து சீனத்திலிருந்து வந்தது. ஆயினும் மேற்கூறிய இரண்டு எழுத்துகளும் சீனர் தந்தவையல்ல, சப்பானியரே ஆக்கிக்கொண்டவை. கடன் வாங்கிய எழுத்தைக்கொண்டும் தம் கடலின் மீனுக்குத் தாமே எழுத்துப் படைத்தனர். தமிழர்க்கோ எழுத்தும் தனது, சொல்லும் தனது, இருந்தும் இரண்டையும் எடுத்து ஆளத் துணிவில்லை. எது இரக்கத்தக்கது?

பிறிதொன்று. சப்பானில் ‘புரி’ என்றொரு மீன். அது வளர வளரப் பெயர் மாறும். தோக்கியோப் பக்கத்தில் வகாசி, இனதா, வரசா, புரி என்று நான்கு பருவத்திற்கு நான்கு பெயர். ஓசாக்காப் பக்கத்தில் வேறு பெயர்கள். ஒரு மீனுக்கு இத்தனை பெயரா என்று எவரும் அங்கு அலுத்துக்கொள்வதில்லை. பருவம் உயர்தோறும் பெயர் உயர்வதால் அதனை மங்கல மீன் என்று போற்றுகின்றனர். தமிழனுக்கும் இது புதிதன்று. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவந்தோறும் பெயரிட்ட மொழி தமிழ். அம் மொழிக்குரியவன் இன்று “பிளவர்” என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கின்றான். மீன் அனைத்தையும் “பிசு” என்கின்றான். வறுத்தால் “பிசு பிரை”.

பேராசிரியர் சுசுமு ஓனோ சப்பானியத்திற்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று நெடுங்காலம் ஆய்ந்து நூல் எழுதினார். ஈழத்துத் தமிழ்ப் பேராசிரியரும் அவர்க்குத் துணைநின்றனர். அவர் முடிபை மொழிநூலாருட் பெரும்பாலோர் ஏற்றிலர். அவ் வழக்கு எவ்வாறாயினும் ஆகுக. குருதியுறவு உண்டோ இல்லையோ, கற்றற்குத் தடையில்லை. தன் வாயிற் புகுவது எதுவோ அதற்குத் தன் மொழியிற் பெயர் வேண்டும் என்னும் உறுதியை அவரிடமிருந்து கற்றல் தமிழர்க்கு இழுக்கன்று.

மறுப்பாரும் மறுமொழியும்

“சப்பானியர் அயற்சொல்லே ஆள்வதில்லையா?” என்பர் சிலர். ஆள்கின்றனர், மிகப் பல ஆள்கின்றனர். மீன்சினையைக் குறிக்கும் ‘இக்குரா’ என்பது உருசியச் சொல்லே. ‘சாமன்’ என்னும் ஆங்கிலப் பெயரும் அங்கு வழங்குகின்றது. ஆனால் அது வந்த வரலாற்றை நோக்குக. அம் மீனினத்திற்குச் சப்பானியத்தில் ‘சாகே’ என்ற பெயர் தொன்றுதொட்டு உண்டு. புழு உண்டென்று அஞ்சி அதனை அவர் பச்சையாக உண்பதில்லை. 1980-களில் நார்வே நாட்டார் தாம் வளர்த்த மீனைப் பச்சையாக உண்ணலாமென்று கொண்டுவந்து விற்க முயன்றனர். அறியாக் கடலுணவைக் கண்டு முகஞ் சுளித்தவர் அன்று சப்பானியரே. பல்லாண்டு முயற்சிக்குப் பின்னரே அது நிலைபெற்றது. புதிதாக வந்த அதற்குப் புதுப்பெயர் நின்றது. பழைய மீனுக்குப் பழைய பெயர் அழியவில்லை. வந்த சொல்லைப் பெரும்பாலும் தனி எழுத்து வரிசையால் எழுதி, விருந்தினனுக்குத் திண்ணையைக் காட்டுவதுபோல் நிறுத்துகின்றனர். தமிழனோ விருந்தினனை நடுவீட்டில் அமர்த்தி, பெற்ற தாயைத் திண்ணைக்குத் துரத்துகின்றான்.

“அயல்நாட்டுக் கடைக்காரனுக்குக் கணவாய் என்றால் விளங்குமா?” என்பர் வேறு சிலர். கடைக்காரனிடம் அவன் மொழியில் பேசுக, ‘இக்கா’ என்க. அஃது அவனுக்குச் செய்யும் மதிப்பு. ஆனால் அடுக்களையில் மனைவியிடமும், தட்டின் முன் அமர்ந்த பிள்ளையிடமும், தொலைபேசியில் தாயிடமும் எதற்காக ஆங்கிலம்? அவ் வுரையாடலில் ஆங்கிலேயன் எவனும் இல்லையே! சப்பானியக் கடையில், தமிழ்ப் பிள்ளைக்கு, தமிழ்க்கடல் மீனை, ஆங்கிலத்தாற் காட்டுதல் என்ன முறைமை? இருவர் பேச்சிடை மூன்றாமவன் எங்கிருந்து வந்தான்?

“மீன்பெயர் ஊர்தோறும் வேறுபடுகின்றது, ஆதலின் ஆங்கிலமே பொதுமை” என்பார் மூன்றாமவர். சென்னையில் வஞ்சிரம், குமரியில் நெய்மீன், ஈழத்தில் அறுக்குளா என்று ஒரு மீன் வழங்குவது மெய்யே. இது வளம், குழப்பமன்று. ஆங்கிலம் மட்டும் ஒருமையுடையதோ? இங்கிலாந்தார் ஒரு பெயரால் சுட்டும் இறாலை அமெரிக்கர் வேறு பெயரால் சுட்டுகின்றனர். காலா மீனுக்கு உரிய பெயரைக் கேட்டறியாமல் ‘இந்தியன் சால்மன்’ என்று தம் ஊர்ப் பெயரைச் சூட்டிச் சென்றவரும் ஆங்கிலேயரே. இரண்டிற்கும் இன உறவு இல்லை. அப் பிழையைத் தமிழன் இன்றும் பெருமையோடு சொல்லித் திரிகின்றான்.

பெயரைக் கொன்றவர் யார்?

பழியை முற்றும் அயல்நாடு சென்ற இளைஞன் தலையில் ஏற்றுதல் நேர்மையன்று. அவனுக்குப் பெயரைக் கற்பியாமல் விட்டவர் யார் என்று வினவுதல் வேண்டும்.

தமிழ் கற்பித்தாருள் பலர் நெய்தல் திணையை உரிப்பொருளளவில் நிறுத்தினர். இரங்கலைக் கற்பித்தனர், இறாலைக் கற்பிக்கவில்லை. பரதவரைப் பாட்டிற் போற்றினர்; தெருவிற் புறக்கணித்தனர். மீன்வாடை வீசும் வாயிலிருந்து வருஞ்சொல் செந்தமிழாகாது என்றொரு மேட்டிமை புலவருள்ளத்தும் ஒளிந்திருந்தது. அகநானூற்றிலோ உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் சோற்றில், அயிலை மீனைப் புளியிட்டுச் சமைத்த குழம்பைச் சொரிந்து, கடல் மீண்ட தந்தைக்குப் பரதவர் சிறுமி ஊட்டும் காட்சி உளது. அவ் வயிலை இன்றும் மேற்குக் கரையில் விற்கும் மீனே. மலையாளத்தார் வாயில் அது ‘அயல’ என்று வாழ்கின்றது. ஈராயிரம் ஆண்டாக அச் சொல்லைச் சுமந்து வந்தது புலவர் ஏடு மட்டுமன்று. மீன்கூடை சுமந்த பெண்டிர் தலையும் ஆகும்.

உணவின் பெயரையே நோக்குக. புலால் உண்ணாதவன் உணவு ‘சைவம்’. உண்பவன் உணவு ‘அசைவம்’. ஒரு சமயத்தின் பெயரை அடுக்களைக்கு இட்டு, அதன் முன் வடமொழி எதிர்மறை ‘அ’கரத்தை ஒட்டி, உண்பாரையெல்லாம் ‘அல்லாதார்’ ஆக்கிய சொல் இது. ஈழத்திலோ ‘மச்சம்’ என்ற வடசொல் வழங்குகின்றது. மின்னுவது பற்றி மீன் எனப் பெயரிட்டது தமிழ். அச் சொல்லே ‘மீனம்’ என வடமொழிக்குச் சென்றது. கொடுத்தவன் வீட்டில் கடன்சொல்! மரக்கறி உணவு, புலாலுணவு என்றால் வாய் நோகுமா?

புலால் மறுத்தல் வள்ளுவர் வகுத்த அறம். அதனை மேற்கொள்வார் மேற்கொள்க, போற்றத்தக்கார். ஆயின் உண்ணாமை அறம், பெயரறியாமை அறமன்று. புலியை எவரும் உண்பதில்லை. அதன் பெயரை மறந்தோமென்று சொல்வார் உண்டோ?

தனித்தமிழ்ப் பற்றாளரும் தம்மை ஆராய்தல் வேண்டும். ஆக்டோபசு என்னும் சொல்லைக் கண்டு, அமர்ந்த இருக்கையினின்று எழாமலே ‘எண்காலி’ என்று மொழிபெயர்த்தார் உளர். நோக்கம் தூயது, முயற்சி குறையுடையது. கடற்கரைக்கு நடந்து சென்று கேட்டிருப்பின் பேய்க்கணவாய் ஆயத்தமாகக் கிடைத்திருக்கும். உயிருள்ள தமிழ்ச்சொல் கரையில் நிற்க, ஏட்டில் புதுச்சொல் பிறப்பித்தல், தாய்ப்பால் இருக்கப் புட்டிப்பால் தேடுதலை ஒக்கும். உலகவழக்குச் சொற்களைத் திரட்ட வேண்டுமென்று மொழிஞாயிறு பாவாணர் வற்புறுத்தியது வெறும் அறிவுரையன்று. 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநராய் அமர்ந்த அவர்க்கு அச் சொற்களே கருவியாயின. அப் பணியில் கடற்கரை இன்னும் பெரும்பகுதி கைபடாமற் கிடக்கின்றது.

செய்யத்தக்கன

காலம் கடத்தற்கு இடமில்லை. விசைப்படகும் ஏற்றுமதிக் கூடமும் வந்தபின், கரையிலேயே ஆங்கிலப் பெயர் புகுந்துவிட்டது. வாங்குவோன் சொல்லும் பெயரையே விற்போனும் சொல்லத் தலைப்படுகின்றான். பெயர் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலேயன் எடுத்துச் சென்று உலகெங்கும் வழங்கினான். அதனைக் கட்டியவன் பெயரனோ அவ் வாங்கில வடிவத்தையே திரும்பச் சொல்லிப் பழகுகின்றான். பெயர் போனால் மீன் போகாது. ஆனால் அம் மீன் எக்காற்றில் வரும், எந்நீரில் தங்கும், எதனோடு சமைத்தால் உடம்புக்கு ஆகும், எதனை உண்ணலாகாது என்னும் அறிவெல்லாம் பெயரோடு கட்டுண்டு கிடக்கின்றது. கயிறு அறுந்தால் படகு நிற்குமா?

ஆதலின் முதலாவது, அயல்நாடு வாழ் தமிழ்ப் பெற்றோர் தம் தட்டிலுள்ளதைத் தமிழாற் பெயரிட்டுப் பிள்ளைக்கு ஊட்டுக. பெயர் தெரியவில்லையெனின் ஊரிலுள்ள தாய்க்குப் படம் அனுப்பிக் கேட்க. அவட்குந் தெரியாவிடின் அவள் மீன் வாங்கும் பெண்ணைக் கேட்க. அந்தப் பெண் அறிவாள்.

இரண்டாவது, வார இறுதியில் அயல்நாடுகளில் நடக்கும் தமிழ்ப்பள்ளிகள், ‘ஆப்பிள்’ படத்தைக் காட்டித் தமிழ் கற்பிப்பதை விட்டு, அந்தந்த நாட்டு அங்காடியிலேயே கிடைக்கும் கணவாய், இறால், நண்டு, சூரை, விலாங்கு, மட்டி ஆகியவற்றின் தமிழ்ப்பெயரைக் கற்பிக்க. கண்ணாற் கண்டு கையால் தொட்டு நாவாற் சுவைத்த சொல் மறவாது.

மூன்றாவது, தமிழகத்துப் பள்ளியாசிரியர் ஒவ்வொருவரும், கடற்கரை அருகிருப்பின், ஆண்டுக்கொருமுறை மாணவரை அழைத்துச் சென்று ஏலக்களத்திலிருந்து பெயர்களைத் திரட்டுக. மீனவர் வீட்டுப் பிள்ளை அன்றைக்கு ஆசிரியனாகுக, ஆசிரியர் மாணவராகுக. அவ் வொரு நாளில் அப் பிள்ளை நிமிரும் நிமிர்வு தமிழுக்கே நிமிர்வாகும்.

நான்காவது, தமிழ்நாட்டு உணவகங்கள் தம் உணவுப் பட்டியலில் கணவாயைக் கணவாய் என்றே எழுதுக. இத்தாலியன் சொல்லை ஆங்கிலன் வழியாக வாங்கி ‘கலமாரி’ என்று எழுதி இருமடங்கு காசு பறிப்போர் நாணுக. தன் கரையிற் பிடித்ததை அயலான் பெயரால் விற்பதும், அப் பெயருக்காகவே அதனை வாங்குவதும் ஒரே நோயின் இரு கூறுகள்.

தமிழன் எந்நாட்டுக்கும் செல்க. எக்கடல் மீனையும் உண்க. அறியாத சுவையை அஞ்சாது அறிக. ஆனால் திரும்பி வந்து தாய்முன் நிற்கும்போது, “அம்மா, அங்கும் நம் கணவாய்தான், அவர்கள் வேறு வகையாகச் சமைக்கின்றனர்” என்று சொல்லும் நா அவனுக்கு வேண்டும். அந் நாவே முழு நா.

பெயரை மீட்க! நாவை மீட்க! தமிழ் வெல்க!